தசைக்குள் பிறந்த எலும்பு

அறுவை அரங்கின் ஓரத்தில் ஓர் எஃகுக் கிண்ணம். அதில் மாங்கொட்டை அளவில் ஓர் எலும்புத் துண்டு கிடக்கிறது. சுற்றிலும் சில சில்லுகள். துண்டின் மேற்புறம் தந்தம்போல் வழுவழுப்பாகக் கெட்டியாக இருக்கிறது. உளி பட்ட பக்கத்தில் தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள் தெரிகின்றன, அவற்றில் ரத்தம் கசிகிறது. உள்ளே மஜ்ஜை இருக்கிறது, ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் வைத்தால் தொடை எலும்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. எலும்புக்குரிய எல்லா லட்சணமும் பொருந்திய எலும்பு.

பிறந்த இடம்தான் பிசகு. வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள் என்று பள்ளியில் படித்த கணக்கில் இது சேராது. சில மாதங்களுக்கு முன்பு, இது வளர்ந்த முழங்கைக்குப் பின்னால் வெறும் தசை மட்டும்தான் இருந்தது. மருத்துவர்கள் இதை ‘ஹெட்டரோடோபிக் ஆஸிஃபிகேஷன்’ என்கிறார்கள். வார்டில் சுருக்கமாக ‘ஹெச்.ஓ.’. வேற்றிடத்தில் எலும்பாதல் என்று பொருள். மூளையோ தண்டுவடமோ நோயுற்ற பிறகு மூட்டுகளைச் சுற்றி வரும் இந்த எலும்பு எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது, கடைசியில் ஏன் இந்தக் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தது என்று பார்ப்போம்.

படுக்கையில் ஒரு முழங்கை

ஒரு மனிதரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். மூளைக்காய்ச்சலோ, மூளையில் ரத்தக் கசிவோ, விபத்தில் தலைக்காயமோ, காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் போட்டு வாரக்கணக்காகக் கிடக்கிறார். நினைவு இல்லை. ஆனால் தசைகள் சும்மா இல்லை. மூளையின் கட்டுப்பாடு விட்டுப்போனதால் கைகள் விறைத்து மடங்குகின்றன. இடையிடையே நாடித்துடிப்பு எகிறுகிறது, வியர்வை கொட்டுகிறது.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு முழங்கை வீங்குகிறது. தொட்டால் சுடுகிறது. லேசாகச் சிவந்திருக்கிறது. கிருமித்தொற்றா, ரத்தக் குழாய் அடைப்பா, மூட்டுக்குள் சீழா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுகிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரிவதில்லை. சுண்ணச்சத்து போதுமான அளவு படிந்த பிறகுதான் எக்ஸ்ரே அதைக் காட்டும். அதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். ரத்தத்தில் ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதி ஏறியிருக்கலாம். கதிரியக்க டெக்னீஷியத்தைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனில் அந்த இடம் முன்கூட்டியே பளிச்சிடும்.

பல சமயம் இந்த எலும்பை முதலில் கண்டுகொள்பவர் எந்திரத்தின் உதவியைத் தேடுவதில்லை. தினமும் கையை மடக்கி நீட்டிவிடும் பிசியோதெரபிஸ்டின் விரல்கள் அதை உணர்ந்துவிடுகின்றன. விறைத்த தசையை மெல்ல இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுக்கொடுக்கும். போன வாரம் வரை அப்படித்தான் விட்டுக்கொடுத்தது. இந்த வாரம் கடைசி பத்து டிகிரியில் ஏதோ இடிக்கிறது. எவ்வளவு நேரம் பிடித்தாலும் இளகுவதில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ ஒரு பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டதைப்போல, அசைவு ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அந்தப் பெட்டிதான் நம் எலும்பு.

முதல் உலகப் போரின் வார்டுகள்

ஜெர்மானிய மருத்துவர் ரீடெல் 1883-லேயே இத்தகைய ஒன்றை எழுதிவைத்தார். ஆனால் இதற்கு முழு உருவம் கிடைத்தது 1918-இல், பாரிஸில். கண்டவர் அகஸ்டா டெஜெரின்-குளும்ப்கே. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1859-இல் பிறந்து, பிரான்ஸில் மருத்துவம் படித்து, பெண்களுக்கு மூடியே கிடந்த பாரிஸ் மருத்துவமனைகளின் ‘இன்டெர்ன்’ பதவியை முதலில் எட்டிய பெண். பிரசவத்தில் குழந்தையின் கை நரம்பு இழுபட்டு வரும் ஒருவகைக் கைச்செயலிழப்பு இன்றும் ‘குளும்ப்கே’ என்ற அவர் பெயரால்தான் வழங்குகிறது.

முதல் உலகப் போரில் குண்டடிபட்டுத் தண்டுவடம் சிதைந்த இளைஞர்கள் அவரிடம் வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் பெரும்பாலானவர்களை வெகுநாள் விட்டுவைக்கவில்லை. அவர்களில் பலரின் இடுப்பிலும் முழங்காலிலும் கல்போல் ஏதோ திரண்டிருப்பதை டெஜெரின்-குளும்ப்கே கவனித்தார். சக மருத்துவர் ஆந்த்ரே செய்யியேயுடன் சேர்ந்து எக்ஸ்ரே எடுத்தார், இறந்தவர்களின் மூட்டுகளை அறுத்துப் பார்த்தார், திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மூட்டு கெட்டுப்போகவில்லை, மூட்டைச் சுற்றித் தசையின் இடைவெளிகளில் புது எலும்பு வளர்ந்திருக்கிறது, எப்போதும் செயலிழந்த பகுதியில்தான் வளர்கிறது என்று கண்டார். அவர்கள் வைத்த பெயரில் இருந்த ‘பாரா’ என்ற முன்னொட்டுக்கு ‘பக்கத்தில்’ என்று பொருள். எலும்புக்கும் மூட்டுக்கும் பக்கத்தில் நடக்கும் நோய் என்று மிகத் துல்லியமாகவே பெயரிட்டார்கள்.

தண்டுவடக் காயத்தில் வருவது மூளை நோயிலும் வரும் என்பது மெல்லத்தான் மருத்துவ உலகில் பதிந்தது. தலைக்காயம்பட்டவர்கள் பிழைத்தால்தானே மாதங்கள் கழித்து அவர்கள் மூட்டில் எலும்பு வளரும்? தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்து, வென்டிலேட்டர் வந்து, கோமாவிலிருந்து மீள்பவர்கள் கூடக் கூட இந்த எலும்பும் கூடியது. மண்டைக்குள் தொடங்கிய செயலிழப்பைத் தொடர்ந்து எலும்பு முளைத்தவர்களைப் பற்றி 1968-இல் பி.எச். ராபர்ட்ஸ் பிரிட்டிஷ் எலும்பியல் இதழில் எழுதினார். அந்த வகையில் இந்த எலும்பு, மருத்துவம் உயிரைக் காப்பாற்றியதன் பின்விளைவும்கூட. 2020-இல் கொரோனாவில் நீண்ட காலம் வென்டிலேட்டரில் இருந்து மீண்டவர்களிடமும் இடுப்பிலும் தோளிலும் இதே எலும்பைக் கண்டார்கள்.

தசை ஏன் எலும்பாகிறது?

எலும்பு எலும்பிலிருந்துதான் வளரும் என்று நினைப்பது இயல்பு. 1965-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் அதை மாற்றிக் காட்டினார். எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச்சத்தை எல்லாம் கரைத்துவிட்டு, மிச்சமிருந்த சக்கையை முயல் முதலான பிராணிகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். அந்தத் தசைக்குள் புதிய எலும்பு உருவாயிற்று. சக்கையில் இருந்த ஏதோ ஒரு பொருள், தசையில் இருந்த செல்களைப் பார்த்து ‘எலும்பாகு’ என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பொருளுக்கு பி.எம்.பி. என்று பின்னர் பெயர் வந்தது. பி.எம்.பி. குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதத்தை முதுகெலும்பை இணைக்கும் அறுவையில் பயன்படுத்த 2002-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கூடாத இடத்தில் எலும்பு முளைப்பதையும், வேண்டிய இடத்தில் எலும்பை முளைக்க வைப்பதையும் ஒரே வகைச் சமிக்ஞை செய்கிறது.

ஆக, நம் தசைகளுக்குள் எலும்பாகும் திறன் உள்ள செல்கள் எப்போதும் இருக்கின்றன. அவை ஏன் மற்ற நாட்களில் சும்மா இருக்கின்றன? இதற்கு ஒரு நல்ல பதில் 2015-இல் ஒரு சுண்டெலியிலிருந்து வந்தது. பிரான்ஸின் மறுவாழ்வு மருத்துவர் ஃபிரான்சுவா ஜெனேவும், ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனைச் சேர்ந்த ஜான்-பியர் லெவெக்கின் குழுவும் சேர்ந்து செய்த ஆய்வு அது. எலியின் தண்டுவடத்தை மட்டும் சேதப்படுத்தினார்கள், எலும்பு வரவில்லை. நாகப்பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்த ஒரு பொருளை ஊசியில் செலுத்தித் தசையை மட்டும் காயப்படுத்தினார்கள். தசை தன்னைத்தானே ஆற்றிக்கொண்டது. இரண்டையும் ஒரே எலிக்குச் செய்தபோதுதான் தசைக்குள் எலும்பு முளைத்தது.

ஒரு சின்னத் தசைக்காயத்தை ஆற்றுவது உடம்புக்குத் தினப்படி வேலை. காயத்தைத் துப்புரவாக்க மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் ஓடிவருகின்றன. சேதத்தை விழுங்கி, பழுதுபார்க்கும் செல்களை அழைத்து, வேலை முடிந்ததும் கலைந்துபோகின்றன. நரம்பு மண்டலமும் சேர்ந்து அடிபட்டிருந்தால் இந்தக் கூட்டம் கலைவதில்லை. அழற்சி நீள்கிறது. மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற புரதம், தசைக்குள் இருக்கும் செல்களை எலும்பின் பக்கம் தள்ளுகிறது. இதை அவர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். மேக்ரோஃபேஜ்களை முன்கூட்டியே நீக்கிவிட்ட எலிகளில் எலும்பு வெகுவாகக் குறைந்தது. காயம் ஆற்றத் தொடங்கிய வேலைக்கு ‘போதும்’ என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதன் விளைவுதான் இந்த எலும்பு.

தசையைக் காயப்படுத்தினால் எலும்பு வைக்கலாம் என்பது நம் ஊருக்கும் பழக்கமான பாடம். முழங்கையில் அடிபட்டவருக்கு எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக உருவக் கூடாது, உருவினால் தசையில் எலும்பு வைத்துவிடும் என்று எலும்பியல் வகுப்புகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூளை நோயில் கிடப்பவரின் விறைத்த கையைப் பலம்கொண்டு இழுக்கும்போது தசைநார்கள் கிழியலாம். அசைக்காமலும் விடக்கூடாது, மூட்டு இறுகிப்போகும். மென்மையாக, தினமும், வலிக்காத எல்லைக்குள் அசைக்க வேண்டும்.

மேகம் கெட்டியாகிறது

நம் முழங்கைக்கே திரும்புவோம். முதலில் அங்கே குருத்தெலும்பு உருவாகிறது, தாயின் வயிற்றில் சிசுவின் கை கால் எலும்புகள் உருவாவதைப்போலவே. பிறகு ரத்தக் குழாய்கள் நுழைந்து, குருத்து எலும்பாகிறது. இரண்டாவது மாதத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் மூட்டின் பின்புறம் வெளிறிய மேகம் தெரிகிறது. மாதங்கள் போகப்போக மேகத்துக்கு விளிம்பு வருகிறது, விளிம்பு ஓடாகிறது. மேல்கை எலும்பின் பின்புறத்தையும் முழங்கை முனையையும் சேர்த்து ஒரு பாலம் கட்டிவிடுகிறது. கை 70 டிகிரியில் பூட்டிக்கொள்கிறது.

இதற்குள் அந்த மனிதர் கண்விழித்துவிட்டார். பேசுகிறார். கையின் தசைகளில் ஓரளவு உயிர் திரும்பியிருக்கிறது. விரல்களால் கரண்டியைப் பிடிக்க முடிகிறது, வாய்க்குக் கொண்டுபோகத்தான் முடியவில்லை. மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். மூளை திருப்பிக் கொடுத்ததை எலும்பு தடுத்து வைத்திருக்கிறது.

அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முழங்கை 30-இலிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் போதும் என்று மேயோ கிளினிக்கின் பெர்னார்ட் மோரி குழு 1981-இல் அளந்து சொன்னது. இடுப்பில் இந்த எலும்பு வந்தால் கஷ்டம் வேறு மாதிரி. சக்கர நாற்காலியில் உட்கார இடுப்பு ஏறக்குறைய 90 டிகிரி மடங்க வேண்டும். மடங்காதவர் சரிந்தே உட்காருவார், சரிந்த இடத்தில் புண் வரும். தொடைகள் விலகாவிட்டால் சுத்தம் செய்வதே தினமும் ஒரு போராட்டம். நடக்கவே முடியாத ஒருவருக்கு எதற்கு அறுவை என்று கேட்பவர்கள் அவரைக் குளிப்பாட்டிவிடும் மனைவியிடமோ அம்மாவிடமோ கேட்டுப் பார்க்கலாம்.

எப்போது அறுப்பது?

நீண்ட காலம் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: காத்திருங்கள். கலிஃபோர்னியாவில் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மறுவாழ்வு மருத்துவமனையின் டக்ளஸ் கார்லண்ட் 1991-இல் எழுதிய கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. சாதாரண அடியில் வந்த எலும்பென்றால் 6 மாதம், தண்டுவடக் காயமென்றால் 12 மாதம், தலைக்காயமென்றால் 18 மாதம். பிஞ்சு எலும்பை எடுத்தால் ரத்தம் கொட்டும், மறுபடியும் முளைக்கும். முற்றவிட்டு எடுக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

இந்தத் தர்க்கத்தைக் கேள்வி கேட்டவர்கள் பாரிஸுக்கு மேற்கே கார்ஷ் என்ற ஊரில் இருந்தார்கள். அங்குள்ள ரேமோன் புவாங்காரே மருத்துவமனையில் ஜெனேவும் அறுவை மருத்துவர் ஃபிலிப் டெனார்மாண்டியும் பல ஆண்டுகளாக இந்த எலும்புகளை எடுத்துவருகிறார்கள். தங்கள் நோயாளிகளின் பதிவுகளை அலசிப் பார்த்தபோது, சீக்கிரம் அறுத்தவர்களுக்கு எலும்பு அதிகமாகத் திரும்பி வரவில்லை என்று தெரிந்தது. காத்திருந்ததால் நேர்ந்த இழப்புகள்தான் தெரிந்தன. அசையாத மூட்டுக்குள் குருத்தெலும்பு தேய்ந்து மறைகிறது. பாரம் தாங்காத பழைய எலும்பு தன் பலத்தை இழக்கிறது. புதிய எலும்பு பாறையாகும்போது அதன் அடியில் இருக்கும் தொடை எலும்பு பஞ்சாகிறது. அறுவை மேசையிலேயே முறியும் அபாயம் வருகிறது. 18 மாதம் என்ற எண்ணின் இடத்தில் வேறு கேள்விகள் வந்தன. நோயாளியின் நிலை ஓரளவு நிலைத்துவிட்டதா? இந்த அறுவையால் எந்த ஓர் அசைவு திரும்பக் கிடைக்கும்? அந்த அசைவு அவருக்கு எதற்குத் தேவை?

உளியும் நரம்பும்

அறுவைக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்பை முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பாலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ரத்தக் குழாய் எவ்வளவு நெருக்கத்தில் ஓடுகிறது, நரம்பு எலும்புக்கு வெளியேயா, எலும்பு நரம்பைச் சுற்றி வளர்ந்து குழாய்போல மூடிவிட்டதா என்பதெல்லாம் முன்பே தெரிந்தாக வேண்டும்.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த அல்னார் நரம்புதான் இங்கே முதல் கவலை. முழங்கையின் பின்புறம் கீறித் திறந்ததும் எலும்பைத் தொடுவதில்லை. நல்ல திசு இருக்கும் மேல்பகுதியில் நரம்பைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கீழே இறங்கி, அங்குலம் அங்குலமாக விடுவிக்கிறார்கள். எலும்புக்குள் புதைந்திருந்தால் மேலுள்ள கூரையைச் சிறு சில்லுகளாகக் கொத்தி எடுக்க வேண்டும். நரம்பு வெளியே வந்ததும் மெல்லிய ரப்பர் நாடாவை அதன் அடியில் கொடுத்து ஓரமாக ஒதுக்கிவைக்கிறார்கள்.

அதன் பிறகே உளி. சுத்தி விழும் சத்தத்தில் மருத்துவருக்குச் சேதி இருக்கிறது. ஓடுபோன்ற மேற்பரப்பில் கணீரென்று கேட்கும், உள்ளே இறங்கியதும் மந்தமாகும். எது புதிய எலும்பு, எது மேல்கை எலும்பு என்று எல்லை பிரிப்பதுதான் கடினம். இரண்டும் ஒன்றாக உருகி ஒட்டியிருக்கும். வெட்டிய பரப்பெங்கும் ரத்தம் ஊறுகிறது. எலும்பு மெழுகைத் தேய்த்து அடைக்கிறார்கள். புது எலும்பு முழுவதையும் எடுக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. பாலத்தை உடைத்து மூட்டு சுற்ற வழி கிடைத்தால் போதும். நரம்போடோ பெரிய ரத்தக் குழாயோடோ ஒட்டிய துண்டு, அசைவை மறிக்காவிட்டால், அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவர் கையைப் பிடித்து மெல்ல மடக்குகிறார். 90, 110, 130. நீட்டுகிறார். உள்ளே எதுவும் இடிக்கவில்லை என்று தெரிந்ததும், வடிகுழாய் ஒன்றை வைத்துவிட்டுக் காயத்தை மூடுகிறார்கள்.

இந்த அறுவை எல்லோருக்கும் பொருந்தாது. எஃப்.ஓ.பி. என்ற அரிய பிறவி நோயிலும் தசைகள் எலும்பாகின்றன. ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவின் பிழைதான் அதற்குக் காரணம் என்று 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. அந்த நோயில் எலும்பை அறுத்து எடுத்தால் அந்தக் காயமே மேலும் எலும்பை வளர்க்கும். அந்நோயால் 1973-இல் இறந்த ஹாரி ஈஸ்ட்லாக்கின் எலும்புக்கூடு, அவர் விருப்பப்படியே, ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மூளை நோயில் வரும் எலும்பு அப்படிப்பட்டதல்ல. வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடும், எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வராது. திரும்பி வராமல் காக்க, இண்டோமெதசின் போன்ற அழற்சி தணிக்கும் மாத்திரைகளைச் சில வாரங்கள் தருகிறார்கள். சில இடங்களில் அறுவையை ஒட்டி ஒரே ஒரு முறை, சுமார் 7 கிரே அளவில், கதிர்வீச்சு தருகிறார்கள்.

கிண்ணத்திலிருந்து

அந்த மாங்கொட்டைத் துண்டின் பயணம் குப்பைக் கூடையோடு முடிந்துவிட வேண்டும் என்பதில்லை. கார்ஷில் எடுத்த எலும்புகள், நோயாளிகளின் சம்மதத்தோடு, ஆய்வுக்கூடங்களுக்குப் போயிருக்கின்றன. சுண்டெலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்று அவற்றில்தான் பார்த்தார்கள். ஆன்கோஸ்டாட்டின் எம் அந்த மனித எலும்புகளைச் சுற்றிய திசுவிலும் இருந்தது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால் இழந்த அமெரிக்க வீரர்களின் எஞ்சிய உறுப்புகளில் 63 சதவீதத்தில் இந்த எலும்பு வளர்ந்திருந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு சொன்ன பிறகு, இதை ஆராய்வோர் எண்ணிக்கையும் கூடியது. முளைப்பதற்கு முன்பே அதன் சமிக்ஞையை அடைக்கும் மருந்துக்கான தேடல், இப்படி அறுத்தெடுத்த துண்டுகளின் வழியாகவே நடக்கிறது. ஒருவரின் கையைப் பூட்டி வைத்த எலும்பு, இன்னொருவருக்கு உளியே தேவைப்படாமல் போக உதவக்கூடும்.

அறுவைக்கு மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் கோணமானியோடு வருகிறார். வலி மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அசைவைத் தொடங்கியாக வேண்டும். சும்மா விட்டால் தழும்பு இறுகிவிடும். தாங்கிப் பிடித்து மடக்கியதும் அளவெடுத்துச் சீட்டில் குறிக்கிறார்: 115. அறுவை மேசையில் கிடைத்த 130-க்கு இன்னும் 15 பாக்கி. அந்த மனிதர் கையைக் கீழே இறக்க விடவில்லை. தலையைச் சற்றுக் குனிந்து, சுட்டுவிரலை மெல்ல மேலே கொண்டுபோய், யாரையும் கூப்பிடாமல், தன் மூக்கைத் தானே சொறிந்துகொள்கிறார்.